நான்கு கொடியில் ஒரு சீலை

பண்டத்தரிப்புச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உதயகலாவுக்குக் கால் உளையத் தொடங்கிவிட்டது. நடை இன்னும் தொடங்கவே இல்லை. தோளில் துணிப்பை, அதற்குள் கம்பனியின் ரப்லெட், தண்ணீர்ப் போத்தல், இடியப்பப் பார்சல். கழுத்தில் அடையாள அட்டை. அட்டையில் இருந்த படம் பதினொரு வருடம் பழையது. அதைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்கிறவர்கள், "உது உம்முடைய தங்கச்சியோ?" என்று கேட்பதுண்டு. முன்பெல்லாம் சிரிப்பாள். இப்போது "ஓம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் அவள் வேலை. என்ன பற்பசை, என்ன தேயிலை, எந்தக் கடை, ஏன் மாற்றினீர்கள். 2003இல், சமாதான காலத்தில் கொழும்புப் பாதை திறந்திருந்தபோது, யாழ்ப்பாணத்துச் சனம் எதை வாங்குகிறது என்று அறியக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அப்போது அவளுக்கு முப்பது வயது. கலியாணமாகி இரண்டு வருடம். நல்ல கையெழுத்து, நாலு பேரோடு கதைக்கக் கூச்சமில்லை, எடுத்துக்கொண்டார்கள். 2006இல் பாதை பூட்டியது, வேலையும் நின்றது. 2010இல் இரண்டும் திரும்பி வந்தன. அதன் பிறகு கம்பனிகள் மாறின, கடதாசிப் படிவம் போய் ரப்லெட் வந்தது, மேற்பார்வை செய்கிறவர்களின் வயது குறைந்துகொண்டே போனது. வீட்டு வாசலில் நிற்பவள் மட்டும் மாறவில்லை.

அவள் கணவர் தேவராசா திருநெல்வேலிச் சந்தையில் அரிசிக் கடை ஒன்றில் நிற்கிறார். மூட்டை தூக்கி முதுகு பழுதானபின் கல்லாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தியிருக்கிறார்கள். அன்று காலையும் கிணற்றடியில் நின்று சத்தம் போட்டார்.

"இஞ்சரும், ஊரிலை ஆர் என்ன பவுடரிலை உடுப்புத் தோய்க்கினம் எண்டு உமக்குத் தெரியும். எங்கடை வீட்டிலை பவுடர் முடிஞ்சு மூண்டு நாள். அது தெரியுமோ?"

"எங்கடை வீடு சாம்பிளிலை விழேல்லை" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடித்தாள்.

சாம்பிளில் வீடு விழுவது இப்படித்தான். கொழும்புக் கந்தோரில் முதலில் மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளில் சிலவற்றைக் குலுக்கி எடுப்பார்கள். எடுத்த ஒவ்வொன்றுக்குள்ளும் கிராம அலுவலர் பிரிவுகளில் சிலவற்றை எடுப்பார்கள். அந்தப் பிரிவுக்குள் தொடங்குமிடம் ஒன்றைக் குறித்து அனுப்புவார்கள். அங்கிருந்து வலக்கைப் பக்கமாகவே நடந்து ஒவ்வோர் ஐந்தாவது வீட்டுக்கும் போகவேண்டும். பன்னிரண்டு வீடு சேர்ந்தால் ஒரு கொத்தணி. வீட்டுக்குள் போனாலும் விருப்பமான ஆளைக் கேட்க முடியாது; பெரியவர்களுக்குள் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரைத்தான் கேட்கவேண்டும். இந்தமுறை மாவட்டம் முழுவதற்கும் பன்னிரண்டே கொத்தணிகள். ஆகவே, அவள் ஏறும் ஒரு வீடு ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசவேண்டும்.

ஆளில்லாவிட்டால் மூன்று தரம் போய்ப் பார்க்கவேண்டும். மூன்றாம் தரமும் இல்லையென்றால் பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்கலாம். ஆனால் ஒரு கொத்தணியில் மூன்று மாற்றுக்கு மேல் போனால் முழுக் கொத்தணியும் ரத்து. குடியில்லாத வீடு என்றால் அது மாற்றுக் கணக்கில் சேராது. அதற்குப் பக்கத்து வீட்டார் ஒருவர் தன் பெயரையும் போன் நம்பரையும் தந்து சொல்லவேண்டும்.

போன கிழமை கரவெட்டியில் அவளுடைய கொத்தணி ரத்தாகிவிட்டது. கோயில் தேருக்கு ஊரே போய்விட்டது. மாற்று வீடுகள் ஐந்து. மேற்பார்வை செய்யும் சுதாகரன் நல்ல பொடியன்தான். ஆனாலும் ஒளிக்காமல் சொன்னான்.

"அக்கா, கரவெட்டி போனது போகட்டும். இதுவும் போச்செண்டா அடுத்த வேலைக்கு உங்கடை பேரைப் போட என்னாலை ஏலாது. மேலை இருக்கிறவைக்கு உங்கடை முகம் தெரியாது. முடிச்ச வீடுகளின்ரை வீதம்தான் தெரியும்."

ஐம்பத்திரண்டு வயதில் அவளை வேறு எவர் எடுப்பார்? வேறு என்னதான் அவளுக்குத் தெரியும்? அந்த இரண்டு கேள்விகளையும் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தாள். விடைக்கு எந்தப் பெட்டியிலும் புள்ளடி போட முடியவில்லை.

தொடங்குமிடம் வாசிகசாலை. அங்கிருந்து ஐந்தாவது வீட்டுப் படலையைத் தட்டினாள். பராசக்தி என்ற அம்மா, கையில் அரிவாளும் கீரைக் கட்டுமாக வந்து நின்றார்.

"ஆரைத் தேடுறீர்?"

"ஒருத்தரையும் தேடேல்லை அம்மா. சலவைத்தூள் சம்பந்தமா ஒரு கணக்கெடுப்பு..."

"நீர் எந்த ஊர்?"

"அளவெட்டி. இப்ப திருநெல்வேலியிலை."

"அளவெட்டியிலை எவடம்? ஆரின்ரை மகள்?"

"கும்பழாவளைப் பிள்ளையாரடி. அருளம்பலம் வாத்தியாரின்ரை மகள்."

"எந்த அருளம்பலம்? சைக்கிளிலை குடையும் பிடிச்சுக்கொண்டு ஓடுற மனுசனோ?"

"ஓம்."

"அப்ப ஏன் வெளியிலை நிண்டு காயுறீர்? உள்ளை வாரும்."

இங்கே எப்போதும் இதுதான் ஒழுங்கு. அவள் கேட்க வந்த கேள்விகளுக்கு முன்னால் அவளைக் கேட்டு முடித்துவிடுவார்கள். பிறகுதான் அவளுடைய முறை.

"வீட்டிலை அடுத்த பிறந்தநாள் ஆருக்கு வருகுது அம்மா?"

"எனக்கு ஆடிச் சுவாதி. அவருக்கு மாசிமகம். மகன் பரணி. எது முந்தி வருமெண்டு பஞ்சாங்கத்தைப் பாரும்."

அடையாள அட்டைகளை வாங்கித் திகதி பார்த்தாள். முந்தி வந்தது பராசக்தியின் பிறந்தநாள்தான்.

"என்ன பவுடர் வாங்குறனீங்கள்?"

"கடைக்காரன் எதைத் தாறானோ அது."

"அப்பிடி ஒரு விடை இதிலை இல்லை அம்மா."

"இல்லாட்டி நீரே ஒண்டைப் போடும். அருளம்பலத்தின்ரை பிள்ளை பிழையாப் போடமாட்டீர்."

அடுத்த ஐந்தாவது வீட்டுக்குப் பச்சைக் கேற்று. முற்றம் கண்ணாடிபோலக் கூட்டியிருந்தது. தும்புத்தடியோடு நின்றவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார்.

"வீட்டுக்காரர் இல்லையோ அண்ணை?"

"நல்லூருக்குப் போட்டினம். பின்னேரம் வாரும்."

அதற்கடுத்த ஐந்தாவதில் நீலக் கேற்று. கூப்பிட்டதற்கு எவரும் வரவில்லை. ஆனால் பக்கவாட்டுக் கொடியில் ஒரு பச்சைச் சீலை காய்ந்துகொண்டிருந்தது. கடுகு நிறக் கரை. விதிப்படி வீட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். "வந்தோம், சந்திக்க முடியவில்லை" என்று தன் போன் நம்பரோடு அச்சடித்த துண்டைக் கேற்றில் செருகினாள். பின்னேரம் வந்து பார்த்தபோது இரண்டு வீட்டிலும் விறாந்தையில் லைற் எரிந்தது, துண்டைக் காணவில்லை. அப்படியானால் ஆட்கள் இருக்கிறார்கள். அவள் தட்டினாள், கூப்பிட்டாள். எவரும் வரவில்லை. திரும்பும் வழியில் பராசக்தியைக் கேட்டாள்.

"அந்த நீலக் கேற்று வீட்டிலை ஆள் இருக்கினமோ அம்மா?"

"இருக்கினம், இருக்கினம். உள்ளை நிண்டா கேளாது. பலத்துக் கூப்பிடும்."

பலத்துக் கூப்பிட்டு அவள் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசி பஸ் நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்தாள். அன்று முடிந்தது மூன்று வீடு.

அடுத்த இரண்டு நாளும் இதே கதை. எட்டு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், பேசினார்கள், தேத்தண்ணி தந்தார்கள். மீதி நான்கும் கைக்குள் அகப்படவில்லை. பச்சைக் கேற்று, நீலக் கேற்று, விலாட்டு மாமரம் நின்ற வீடு, ஒழுங்கை முடியும் இடத்தில் மேல்மாடி வீடு. நான்கிலும் முற்றம் கூட்டியிருக்கும், லைற் எரியும், துண்டு மறையும். மூன்று மாற்றுக்கு இடமுண்டு. நான்காவதுதான் கொத்தணியைக் கொல்லும்.

நாலாம் நாள் காலை, வெள்ளிக்கிழமை, மாமரத்து வீட்டுக்குப் போனாள். அதே தும்புத்தடி மனிதர். கொடியில் அதே பச்சைச் சீலை. இந்தமுறை அது மதிலுக்குக் கிட்ட இருந்ததால் முந்தானை தெளிவாகத் தெரிந்தது. அதில் வாழைப்பூ வடிவில், கொடிக்கம்பித் துரு பட்ட ஒரு கறள் அடையாளம். ரப்லெட்டைத் திறந்து நீலக் கேற்று வீட்டுப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். அங்கேயும் வாழைப்பூ.

"அண்ணை, உந்தச் சீலை செவ்வாய்க்கிழமை நீலக் கேற்று வீட்டிலை காய்ஞ்சது."

"சீலைக்குச் சீலை ஒற்றுமை இருக்காதோ?"

"கறளுக்குமோ?"

அவர் அவளுடைய அட்டையைப் பார்த்தார், ரப்லெட்டைப் பார்த்தார், கடைசியில் கால்களைப் பார்த்தார்.

"சரி, நீர் கள்ளக்கூட்டம் இல்லை. கள்ளருக்கு உப்பிடித் தேய்ஞ்ச செருப்பு இராது. வந்து நிழலிலை இரும்."

அவர் பெயர் தம்பிஐயா. அந்த ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலுமாக ஏழு வீடுகளின் திறப்புக் கொத்து அவர் இடுப்பில் தொங்கியது. இந்த நான்கும் அதற்குள் அடக்கம். ஒன்றின் சொந்தக்காரர் கனடாவில், ஒன்று நோர்வே, இரண்டு லண்டன். குசினிக்குள் போய்ப் பிளேன்ரீ போட்டுப் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"முந்தி இந்த ஒழுங்கையிலை ஒரு வீட்டிலை தண்ணி மோட்டரையும் கதவு நிலையளையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள். அதுக்குப் பிறகுதான் கொடியிலை உடுப்புப் போடத் தொடங்கினன். முதல் சாரம் போட்டன். பிறகு யோசிச்சன், ஆம்பிளையள் மட்டும் இருக்கிற வீடெண்டா பகலிலை வெறிச்சிருக்கும் எண்டு கள்ளன் நினைப்பான். பொம்பிளைச் சீலை கிடந்தா ஆரோ உள்ளை நிக்கினம் எண்டு விட்டிட்டுப் போவான். இது இந்த வீட்டுக் கமலாவதியின்ரை சீலை. நோர்வேக்குப் போகேக்கை அலுமாரியிலை விட்டிட்டுப் போனது."

"என்ன பவுடரிலை தோய்க்கிறனீங்கள்?" இருபது வருடப் பழக்கம் அவள் வாயால் வந்தது.

"பச்சைத் தண்ணி. ஒருத்தரும் உடுக்காத சீலையிலை என்ன அழுக்கு? பவுடர் போட்டா நிறமெல்லோ போயிடும்."

நான்கு நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணை, எனக்கு ஒரேயொரு உதவி. ஒரு வீட்டிலை மட்டும் குடியில்லை எண்டு ஒருத்தர் சொன்னாப் போதும். உங்கடை பேரும் நம்பரும். கந்தோரிலை இருந்து கேட்டா ஓம் எண்டு சொல்லவேணும். அவ்வளவுதான். இல்லாட்டி என்ரை வேலை போகும்."

தம்பிஐயாவின் முகம் பூட்டிக்கொண்டது.

"அது மட்டும் கேளாதையும் பிள்ளை."

"உண்மையைத்தானே சொல்லச் சொல்லுறன்."

"உண்மைதான். ஆனா ஆளில்லை எண்ட சொல்லு என்ரை வாயாலை வரக்கூடாது. அதுக்குத்தான் என்னை வைச்சிருக்கினம். நீர் நல்ல பிள்ளை. உம்முடைய போனுக்குள்ளை போற சொல்லு எங்கை எங்கை போகுமெண்டு உமக்குத் தெரியுமோ? பராசக்தியும் சொல்லமாட்டா. இந்த ஊரிலை ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

உதயகலா பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பப் பார்த்தாள். பிறகு அவரே இரங்கிவிட்டவர்போலக் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"ஒண்டு செய்வம். நாலு வீட்டுக்கும் நானே பதில் சொல்லுறன். எழுதும். கந்தோரிலை இருந்து எடுத்தாலும் நான்தான் போன் தூக்குவன். நாலு வீட்டு லைற் பில்லுக்கும் என்ரை நம்பர்தான் குடுத்திருக்கு. உமக்கும் வேலை நிக்கும், வீட்டிலையும் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்."

நான்கு பொய்க்கு ஆயத்தம், ஒரு உண்மைக்கு இல்லை. அந்தக் கணக்கு விளங்கியும் உதயகலாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கவேண்டும். இரண்டு கொத்தணிக்கும் நடந்த நடை முழுவதும் முழங்காலில் வந்து உட்கார்ந்திருந்தது. ரப்லெட்டைத் திறந்தாள். கமலாவதியின் வீட்டு இலக்கத்தைத் தட்டினாள்.

"வீட்டிலை எத்தினை பேர்?"

"நாலு எண்டு போடும்."

"பேரும் வயசும்?"

"கமலாவதி, முப்பத்தெட்டு. அவ புருசனுக்கு நாப்பத்திரண்டு. மூத்தவள் பத்து. சின்னவன் ஏழு, பல்லு விழுந்திட்டுது."

அவளுடைய விரல் நின்றது.

"எப்ப அண்ணை அவை போனது?"

"இருக்கும், ஒரு இருபது வருசம்."

"அப்ப மூத்தவளுக்கு இப்ப முப்பது."

"முப்பதோ?" தம்பிஐயா கொடியைப் பார்த்தார். "ஓம் என்ன... எனக்கு அந்தப் பல்லு விழுந்ததுதான் ஞாபகம்."

அடுத்த கேள்வி திரையில் வந்து நின்றது: கிழமைக்கு எத்தனை தடவை உடுப்புத் தோய்ப்பீர்கள்?

"செவ்வாயும் வெள்ளியும்" என்றார் அவர். அது ஒன்றுதான் முழு உண்மை.

உதயகலா அந்தச் சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வீடு ஆயிரம் வீட்டுக்குப் பேசும். நான்கையும் எழுதினால் நாலாயிரத்துக்கு மேல். கொழும்பில் எவரோ ஒருவர், யாழ்ப்பாணத்தில் இத்தனை ஆயிரம் வீடு கிழமைக்கு இரண்டு தரம் பவுடர் போட்டுத் தோய்க்கிறது என்று சுவரில் வெளிச்சம் பாய்ச்சிக் காட்டுவார். அத்தனை ஆயிரம் கொடியிலும் கமலாவதியின் இந்தச் சீலை வாழைப்பூக் கறளோடு காயும். வேறொரு நாளென்றால் அவள் அதை நினைத்துச் சிரித்திருப்பாள். இன்று அந்தச் சீலைகளை எல்லாம் தானே பிழிந்து போடவேண்டும் என்பதுபோல் தோள் வலித்தது.

"வேண்டாம் அண்ணை" என்று திரையை அழித்தாள்.

"ஏன்? இது ஆருக்கு நட்டம்?"

"தெரியாது. வேண்டாம்."

தம்பிஐயா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கொடியிலிருந்து சீலையை உருவினார். கக்கத்தில் வைத்துக்கொண்டு விறாந்தை லைற்றை அணைத்தார், ஜன்னல் கதவுகளைச் சாத்தினார்.

"வாயாலை சொல்லமாட்டன். நான் அங்காலை திரும்பி நிக்கிறன். நீர் படம் எடும். கெதியா."

வெறும் கொடி, பூட்டிய கதவு. அவள் படம் எடுத்தாள். அனுப்பினாள். கேற்றைத் தாண்டுவதற்கு முன்னமே சுதாகரனின் போன் வந்தது.

"அக்கா, என்ன இது?"

"குடியில்லாத வீடு தம்பி. நேரை உள்ளை வந்து பாத்திட்டன். ஏழு வீட்டையும் ஒரு ஆள்தான் பாக்கிறார். அவர் பேர் குடுக்க விரும்பேல்லை."

"அக்கா, அந்த வீட்டு முதல் படம் என்னட்டை இருக்கு. புதன்கிழமை லைற் எரிஞ்சது. இண்டைக்கு நூந்திருக்கு. ஆள் இல்லாமல் லைற் தானா நூருமோ? நீலக் கேற்று வீட்டிலை சீலை காயுது. ஆள் இல்லாத வீட்டிலை சீலை காயுது எண்டு நான் எழுதினா கொழும்பிலை என்னைப் பாத்துச் சிரிப்பினம்."

"எனக்கும் சிரிப்பாத்தான் இருக்கு தம்பி" என்றாள் அவள். குரலில் சிரிப்பு இல்லை.

பேர் தராத சாட்சி எடுபடவில்லை; நான்கு மாற்று. திங்கட்கிழமை கொத்தணி ரத்தென்று செய்தி வந்தது. அடுத்த மாதத்துத் தேயிலைக் கணக்கெடுப்பில் அவள் பெயர் இல்லை. சுதாகரன் போன் எடுத்துச் சொல்ல மனமில்லாமல் எழுத்தில் அனுப்பியிருந்தான், கடைசியில், "மன்னியுங்கோ அக்கா." அதே கொத்தணியைத் திரும்பச் செய்யப் பண்டத்தரிப்புக்கு ஜெயனி என்ற புதுப் பிள்ளையை அனுப்பினார்கள். அவள் இரண்டே நாளில் பன்னிரண்டு வீட்டையும் முடித்தாள். மாற்று ஒன்றுகூட இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம், உதயகலா வீட்டுப் படியில் இருந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"பிள்ளை, நான் தம்பிஐயா. நீர் கேற்றிலை செருகின துண்டிலை நம்பர் இருந்தது. சுகமோ?"

"இருக்கிறன் அண்ணை."

"உமக்குப் பிறகு ஒரு பிள்ளை வந்தது. நல்ல பிள்ளை, உம்மைப்போலை கனக்கக் கேக்கேல்லை. நான் சொன்னதை அப்பிடியே நாலு வீட்டுக்கும் எழுதிக்கொண்டு போச்சு. இப்ப கம்பனியிலை இருந்து நாலு பவுடர்ப் பெட்டி வந்திருக்கு. பதில் சொன்ன வீடுகளுக்கு அன்பளிப்பாம். நான் உதை என்ன செய்யிறது? சீலையிலை போட்டா நிறம் போயிடும். ஒருக்கா வந்து எடுத்துக்கொண்டு போமன்."

உதயகலா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். கிணற்றடியிலிருந்து தேவராசா நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

"ஆர் போனிலை?"

"பண்டத்தரிப்பிலை ஒருத்தர்."

"சாம்பிளிலை விழுந்த வீடோ?"

"ஓம்" என்றாள். "விழுந்திட்டுது."

"சரி, சந்திக் கடைக்குப் போய் ஒரு பவுடர் வாங்கிக்கொண்டு வாரும். திரும்பவும் முடிஞ்சுது."

அவள் எண்ணெய்க் கையைத் துடைத்தாள். சந்திக் கடை அஞ்சு நிமிட நடை. பண்டத்தரிப்புக்கு இரண்டு பஸ், பிறகு ஒழுங்கை, பிறகு அந்தக் கேற்றுகள்.

"நீங்களே பாவியுங்கோ அண்ணை" என்று போனில் சொன்னாள். "உங்கடை சாரத்துக்குப் போடுங்கோ. நான் இனி அங்காலை வரமாட்டன்."

போனை வைத்துவிட்டு மெல்ல எழும்பிச் செருப்பை மாட்டினாள். கடைக்காரப் பொடியன் ஐந்து விதப் பெட்டிகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டான்.

"நீ எதைத் தாறாயோ அது" என்றாள்.